‘பிறகு தெரிவிக்கிறோம்’ என்பது பதிலா?



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள நம் வீடுகளில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் ஒரு சொற்றொடரைப் பற்றி எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது. “பிறகு தெரிவிக்கிறோம்” என்பதே அது. நேர்காணலுக்குப் போய்வந்த பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுமுன் தாய் கேட்கிறார்: “என்னம்மா சொன்னாங்க?” பிள்ளை சொல்கிறது: “அப்புறம் சொல்றோம்னாங்கம்மா.” அத்தோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. நிறுவனத்தின் பக்கத்திலும் முடிந்துவிடுகிறது.

நமது மக்தபில் ஓதி வளர்ந்த ஒரு பெண்பிள்ளை. வணிகவியலில் பட்டம் பெற்றவள். குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுபவள் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கணக்கிலும் கையெழுத்திலும் அவளைக் குறை சொல்ல எவராலும் இயலாது என்பதற்காகச் சொல்கிறோம். ஒரு நிறுவனம் நடத்திய வேலைவாய்ப்பு முகாமுக்கு அவள் சென்றாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். விரல்களின் வேகத்தைச் சோதிக்கும் தேர்விலும் தேறினாள். மூன்றாவது சுற்றில் மேசைக்கு அப்பால் இருந்தவர் இரண்டே கேள்விகள் கேட்டார். திருமணம் பேசி முடித்திருக்கிறார்களா என்பது ஒன்று. தலையில் இருப்பதை வேலை நேரத்திலும் அணிந்திருப்பீர்களா என்பது மற்றொன்று. “ஆமாம் சார், நீங்க தர்ற தொப்பிக்குள்ளயே வச்சுக்குவேன்” என்று அவள் பதில் சொன்னாள். சரி, பிறகு தெரிவிக்கிறோம் என்றார் அவர். நான்கு மாதங்கள் ஆகின்றன.

அவளுடைய அத்தா ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், பிள்ளைக்காக ஒரு துஆ செய்யுங்க” என்றார். துஆ செய்தோம். பிறகு, ஏன் எடுக்கவில்லை என்று அந்த நிறுவனத்தாரிடம் கேட்டீர்களா என்று வினவினோம். “கேட்டா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க ஹஜ்ரத்” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அவள் எதனால் விலக்கப்பட்டாள் என்பது நமக்குத் தெரியாது. முக்காட்டினாலா, திருமணப் பேச்சினாலா, அல்லது உண்மையாகவே அவளைவிடத் தகுதி வாய்ந்த இன்னொருத்தி வந்திருந்தாளா? மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தெரியாது என்பதுதான் நம் முறையீடே. ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடுவது அநீதி அன்று. பத்து இடத்திற்கு நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் திரும்பத்தான் வேண்டும். எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதை மறைத்துவிட்டு, அளக்கப்பட்டவரை வாய் திறக்காமல் திருப்பி அனுப்புகிறார்களே, அதைத்தான் அநீதி என்கிறோம்.

இது ஹஜ்ரத்தின் கற்பனை, கம்பெனிக்காரர்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்று எண்ணுவோர் ஸ்ரீபெரும்புதூரைப் பார்க்கட்டும். 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்திற்காக ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், உற்பத்திப் பிரிவு வேலைகளுக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் தவிர்த்து வந்தார்கள் என்பதே அதன் சாரம். 2023 மார்ச்சில், வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து நேர்காணலுக்காக வந்த இரு சகோதரிகளை ஆலையின் வாயிற்காவலர் நிறுத்தினார். திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் அங்கிருந்தே திருப்பி அனுப்பினார். பேருந்து நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஆட்டோ ஓட்டுநரும், அங்கே திருமணமானவர்களை எடுக்கமாட்டார்கள் என்று வழியிலேயே சொல்லியிருக்கிறார்.

இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கிறது. வாயிற்காவலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேருந்துக் கட்டணம் கொடுத்து, விடியற்காலையில் எழுந்து வந்த அந்தப் பெண்களுக்கு மட்டும் தெரியவில்லை.

நியாயத்தின் பொருட்டு மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் ஆள் எடுப்பதில் குறைகள் இருந்தன, அவற்றைத் திருத்திவிட்டோம் என்று ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் கூறின. ஆனால் சகோதரிகள் திருப்பி அனுப்பப்பட்டது அதற்கு மறு ஆண்டு. புதிதாக எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திருமணமான பெண்களே என்றும், உலோக அணிகலன்களைக் கழற்ற வேண்டும் என்ற விதி ஆண் பெண், மத வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது என்றும் ஃபாக்ஸ்கான் மறுத்தது. ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குச் சென்றார்கள். அங்கே பணிபுரியும் 33,360 பெண்களில் ஏறத்தாழ 2,750 பேர் திருமணமானவர்கள் என்று கணக்குக் கிடைத்தது. நூற்றுக்கு எட்டுப் பேர். விடுதியில் தங்கி வேலை பார்க்க வருவோர் பெரும்பாலும் இளம்பெண்கள்தாம் என்பதை ஒப்புக்கொண்டாலும், எட்டு என்பது மிகச் சிறிய எண்.

அதன்பின் நடந்ததுதான் நம் கவனத்திற்கு உரியது. பாலினம், வயது, திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிட வேண்டாம் என்று முகவர்களுக்கு ஃபாக்ஸ்கான் அறிவுறுத்தியதாக அதே ஆண்டு நவம்பரில் செய்தி வந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அத்துடன், விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று சொல்லப்பட்டதாம்! காகிதம் தூய்மையாகிவிட்டது. வாயிலில் கேட்கும் கேள்வி நின்றுவிட்டதா என்பதைக் காகிதத்தைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது. விளம்பரத்தில் இருந்த நிபந்தனையையாவது ஒருவர் படித்துவிட்டு வழக்குப் போடலாம். மேசைக்கு அப்பால் இருப்பவரின் மனத்தில் இருக்கும் நிபந்தனையை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டுவது?

ஸ்ரீபெரும்புதூர் நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டாம். வேலை நம் வாசலுக்கே வந்துகொண்டிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட் பூங்காவிற்கு 2022 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டே அங்கே காலணி ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில், 2024 நவம்பரில், தைவான் நாட்டு நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 1,000 கோடி ரூபாய், வேலை 15,000 பேருக்கு என்று அறிவித்தார்கள். காலணி ஆலை என்றால் பெரும்பாலும் பெண்களுக்கான வேலை. நம் பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்கப் போகிறார்கள். சிலர் நின்றும் ஆகிவிட்டது. இந்த ஆலைகள் பாகுபாடு காட்டுகின்றன என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை, ஆதாரமில்லாமல் பழி சுமத்துவது ஹராம். ஆனால் வரிசை நீளுமுன்பே அளவுகோலைக் கேட்டுவிட வேண்டும். ஜெயங்கொண்டம் வட்டாரத்து மக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென்று நிலத்தைக் கொடுத்துவிட்டு, வராத சுரங்கத்தின் வராத வேலைக்காக ஒரு தலைமுறை காத்திருந்த மண் அது.

இனி, நாம் ஓதிக்கொடுக்கும் வேதத்தில் வேலைக்கு ஆள் அமர்த்துவது பற்றி என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. எகிப்திலிருந்து தப்பி, மத்யன் ஊரின் கிணற்றடியில் வந்து நிற்கிறார்கள். கையில் காசில்லை, ஊரில் உறவில்லை. இன்றைய சொல்லில் சொன்னால், பரிந்துரைக் கடிதம் கொடுப்பதற்கு ஆளில்லை. கூட்டம் விலகும்வரை ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்கிறார். காரணமாக இரண்டே தகுதிகளைச் சொல்கிறார்: வலிமை, நம்பகம். வலிமையை இறைத்த வாளியில் கண்டார்; நம்பகத்தை அவர் நடந்துகொண்ட முறையில் கண்டார். எந்தக் குலம், எந்த நாடு என்ற பேச்சு அங்கே எழவில்லை.

அடுத்து அந்தத் தந்தை செய்ததை நம் முதலாளிகளும் மேலாளர்களும் பாடமாகப் படிக்க வேண்டும். (அப்பெரியவர் ஷுஐப் (அலை) அவர்கள்தாமா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது இங்கே நமக்கு வேண்டாம்.) எட்டு ஆண்டுகள் வேலை, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்று நிபந்தனைகள் அனைத்தையும் முதல் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மூஸா (அலை) அவர்களும் அதை ஏற்று, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். இன்னொன்றையும் பாருங்கள். அங்கே வேலையும் திருமணமும் ஒரே பேச்சில் சேர்ந்து வந்தன. இங்கே திருமணம் ஆகிவிட்டதென்றால் வேலை இல்லை!

ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்ற பாடத்தை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. செய்ய வேண்டிய பணியும் கொடுக்கப்படும் கூலியும் இருதரப்பாருக்கும் அறியப்பட்டதாக இருத்தல் வேண்டும். அறியப்படாததன் மீது கட்டப்படும் ஒப்பந்தம் பழுதுடையது என்று நம் இமாம்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கூலியைத் தெரிவிக்காமல் ஒருவரை வேலைக்கு அமர்த்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருந்தாலும், கருத்தில் சட்ட அறிஞர்களுக்குப் பேச்சில்லை.

பெண் வேலைக்குப் போகலாமா என்ற விவாதத்தை இங்கே இழுத்து வருவோர் உண்டு. அந்த விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் வணிகம் நடத்தி, ஆள் அமர்த்திச் சரக்கு அனுப்பிய முதலாளி. நபித்துவத்திற்கு முன் நம் நாயகம் (ஸல்) அவர்களைத் தம் சரக்கோடு ஷாம் நாட்டிற்கு அனுப்பியது, அவர்களுடைய வாய்மையையும் நாணயத்தையும் கேள்விப்பட்டுத்தான். இத்தனைக்கும் பிறகு, வீட்டின் கடனுக்காகவும் தம்பியின் படிப்புக்காகவும் வேலை தேடிப் போகும் பிள்ளையிடம், உன்னை யார் போகச் சொன்னது என்று கேட்பது, அவளைத் திருப்பி அனுப்பிய நிறுவனத்திற்கு நாமே வக்காலத்து வாங்குவதாகும்.

வேறு சிலர், முதலாளிக்குத் தாம் விரும்பியவரை எடுக்கும் உரிமை உண்டல்லவா என்பார்கள். உண்டு. அந்த உரிமை வேலைக்குப் பொருத்தமானவரைத் தேர்ந்தெடுப்பதற்கு உரியது. பொருத்தமில்லாத காரணத்தைப் பொருத்தமுள்ளதாக வேடமிட்டு நடத்துவதற்கு உரியதன்று. எந்திரத்தில் துணி சிக்கும், ஆபத்து என்கிறார்கள். உண்மையாகவே ஆபத்து என்றால், எந்த எந்திரம், எப்படிப்பட்ட உடை என்று எழுதி ஒட்டட்டும். நம் பிள்ளைகள் அதற்கேற்ப இறுக்கமாகக் கட்டிக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், மின்னணு ஆலைகளின் தூசு புகாத அறைகளிலும் உணவுப் பொருள் தயாரிக்கும் கூடங்களிலும் எல்லோருமே தலைமுடியை மூடித்தான் ஆக வேண்டும். மேலாளர் வந்தாலும் அமைச்சர் வந்தாலும் தொப்பி மாட்டிவிடுவார்கள். உள்ளே கட்டாயம் மூட வேண்டிய தலையை, வெளியே நேர்காணலில் மூடிக்கொண்டு வந்தவள் மட்டும் பொருத்தமற்றவள் ஆகிவிடுகிறாள்.

அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2008இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற ஆடை நிறுவனத்தின் கடையில் வேலை கேட்டு ஒரு முஸ்லிம் இளம்பெண் முக்காட்டுடன் சென்றார். நேர்காணல் செய்தவர் அவரைத் தகுதியுள்ளவர் என்றே மதிப்பிட்டார். மேலதிகாரியோ, நிறுவனத்தின் தோற்ற விதிக்கு முக்காடு ஒவ்வாது என்று தள்ளிவிட்டார். அப்பெண்ணிடம் அந்த விதியை எவரும் சொல்லவில்லை. அவரிடம் எதையும் கேட்கவுமில்லை. மதக் காரணத்திற்காக அணிகிறேன் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லையே என்று நிறுவனம் வாதாடியது. 2015 ஜூன் 1 அன்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வேலை மறுத்ததற்குள் என்ன நோக்கம் இருந்தது என்பதே கேள்வி என்றது தீர்ப்பு. மனத்தில் ஒளித்த அளவுகோலையும் சட்டத்தால் பிடிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டில் அந்தச் சட்டம் எங்கே? இங்கேதான் நம் தலைவர்களோடு நமக்கு வழக்கு இருக்கிறது. பெண் என்பதற்காக வேலையில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதற்காவது 1976ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்தது. மதத்தின் பெயரால் காட்டப்படும் பாகுபாட்டை அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலையில்தான் தடுக்கிறது. தனியார் நிறுவனம் ஒரு முஸ்லிமை முஸ்லிம் என்பதற்காகவே தள்ளினால், நேரடியாகப் பிடிக்கும் பொதுச் சட்டம் ஒன்றும் இல்லை. 2006இல் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2008இல் மாதவ மேனன் தலைமையிலான வல்லுநர் குழு அதற்கான திட்டத்தையும் வகுத்துக் கொடுத்தது. அந்தக் காகிதங்கள் எந்த அலமாரியில் உறங்குகின்றனவோ! தமிழ்நாட்டில் 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பெரிய நிஃமத். அதற்காக உழைத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. அது அரசு வேலைக்கும் கல்விக்கும் உரியது. எறையூர் ஆலையின் வாயிலுக்கோ ஜெயங்கொண்டம் ஆலையின் வாயிலுக்கோ அது வராது. தேர்தல்தோறும் 3.5ஐ உயர்த்துங்கள் என்று மேடையில் முழங்கும் நம் தலைவர்கள், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலை தேடும் தனியார் துறையைப் பற்றி ஒரு வரி பேசியதைக் கேட்டவர் இருந்தால் நமக்குத் தெரிவிக்கவும்.

பாகுபாடு இருக்கிறதா என்பதே ஐயம் என்று சொல்பவர்களுக்காக இரு ஆய்வுகளைக் குறிப்பிடுகிறோம். பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இருவரும், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே இருந்தது. 2022இல் லெட்பை என்ற அமைப்பு ஒரே தகுதியோடு இரு பெண் பெயர்களில் 1,000 விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தது. இந்துப் பெயருக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன. முஸ்லிம் பெயருக்கு 103. வடஇந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அந்த இடைவெளி கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ‘அதெல்லாம் வடக்கே, நம் பக்கம் எல்லாம் மாமன் மச்சான்’ என்று நாம் பெருமை பேசிக்கொள்வதற்கு அது உகந்ததாக இல்லை. தலித் மக்களும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இது நம் சமுதாயத்திற்கு மட்டும் உரிய துயரம் அன்று.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னோம். இனி நம் முற்றத்தைப் பெருக்குவோம். இதைப் படிப்பவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

லப்பைக்குடிகாட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் நம் ஆண்மக்கள் தலைமுறை தலைமுறையாக வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நேர்காணல் நடத்தி அனுப்பும் முகவர்களில் நம்மவர்கள் இல்லையா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. நம் ஊரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. நகையை அடகு வைத்த தாய்மார்களுக்குத் தெரியும். இங்கே சொன்ன வேலை ஒன்று, அங்கே இறங்கியதும் கொடுத்த வேலை வேறு. நேர்காணலில் காட்டிய சம்பளத்தை அங்கே கண்டவர் எத்தனை பேர்? நெற்றியில் தொழுகைத் தழும்போடு இதைச் செய்பவரை அந்நிய நிறுவனத்தின் மேலாளரைவிடக் கடுமையாகத்தான் கேட்க வேண்டும்.

நம் ஜவுளிக்கடைகளுக்கும் மளிகைக்கடைகளுக்கும் வருவோம். “நாளையிலேருந்து வா தம்பி, பாத்துக்கலாம்” என்பதுதான் நியமன உத்தரவு. எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எவ்வளவு நேரம் என்று ஒன்றும் பேசப்படுவதில்லை. மாதக் கடைசியில் முதலாளி கையில் கொடுப்பதை எண்ணிப் பார்ப்பதே மரியாதைக்குறைவு. ஜும்ஆவுக்கு நம் பிள்ளைக்கு அனுமதி கொடுக்காத கம்பெனியைப் பற்றி நம்மிடம் குறைப்படும் அதே முதலாளி, தம் கடையில் வேலை பார்க்கும் பையனை ஜும்ஆ நேரத்தில் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு முதல் வரிசையில் வந்து அமர்கிறார்.

பள்ளிவாசல் நிர்வாகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் பேனா பொய் சொன்னதாகும். ஓர் ஊரில் இமாம் தேவை என்று கேள்விப்பட்டு, பல ஆண்டுகளுக்கு முன் நாமே போயிருந்தோம். வியாழன் இஷாவுக்கு நின்றோம், வெள்ளி ஃபஜ்ருக்கு நின்றோம், ஜும்ஆவில் பயானும் செய்தோம். கிராஅத் நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் கைகுலுக்கினார்கள். பிறகு நிர்வாகத்தார் அறையில் அமரவைத்துக் கேட்டார்கள்: “ஹஜ்ரத்துக்குப் புள்ளைங்க எத்தன?” நான்கு என்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இமாமுக்கான வீட்டில் ஓர் அறைதான் என்பது வெளியே வந்தபின் மோதினார் சொல்லித் தெரிந்தது. ஹதியா எவ்வளவு என்று நாம் கேட்டபோது, “அதெல்லாம் ஹஜ்ரத் கொறையில்லாம பாத்துக்குவோம்” என்றார்கள். கடைசியில் சொன்னது என்ன தெரியுமா? கலந்து பேசிவிட்டுப் பிறகு தெரிவிக்கிறோம். இன்றுவரை தெரிவிக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில், பிள்ளைகளின் எண்ணிக்கையை ஏன் உண்மையாகச் சொன்னோம் என்று ஒரு கணம் தோன்றியதே, அந்த நினைப்புக்காக இன்றும் இஸ்திஃபார் செய்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டில் இடம் போதாது ஹஜ்ரத் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாமும் புரிந்துகொண்டிருப்போம். பயணச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

ஃபாக்ஸ்கான் ஆலையின் வாயிற்காவலர் திருமணத்தைக் கேட்டார். நம் பள்ளிவாசலின் நிர்வாகி பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டார். இரண்டிலும் வேலைக்கும் கேள்விக்கும் தொடர்பில்லை; இரண்டிலும் உண்மையான காரணம் வந்தவரிடம் சொல்லப்படவில்லை.

ஆகவே பெற்றோர்களே, கேட்கப் பழகுங்கள். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்பது நம் ஈமான். அதைக் கொண்டு வாயைப் பூட்டிக்கொள்ளச் சொல்லவில்லை மார்க்கம். நேர்காணலுக்குப் போகும் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். நாள், நேரம், நடத்தியவரின் பதவி, கேட்ட கேள்விகள் ஆகியவற்றை வெளியே வந்ததும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்க வேண்டாம். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், முடிவு என்ன, எந்தத் தகுதியில் குறைவு என்று மரியாதையாக மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. இப்போது மட்டும் கூப்பிட்டுக்கொண்டா இருக்கிறார்கள்? பெண் என்பதாலோ திருமணம் என்பதாலோ தடுக்கப்பட்டது தெரிந்தால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நூறு பேரின் குறிப்பேடுகள் ஒன்றுசேர்ந்தால் அது ஓர் ஆவணம்; தனித்தனியாக அழுதால் அது விதி.

இரு மாவட்ட ஜமாஅத்துகளும் சேர்ந்து அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சிப்காட் நிலம் மக்களின் நிலம். அதைப் பெறும் ஒவ்வோர் ஆலையும், தான் ஆள் எடுக்கும் தகுதிகளைத் தமிழில் எழுதி வாயிலில் ஒட்ட வேண்டும். திருமணம், மதம், சாதி பற்றி நேர்காணலில் கேட்கக்கூடாது. தேறாதவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நிலம் ஒதுக்கும் ஆணையிலேயே இவற்றை நிபந்தனையாக்குங்கள் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடமும் மாவட்ட ஆட்சியர்களிடமும் மனுக் கொடுப்போம். தலித் அமைப்புகளையும் பெண் தொழிலாளர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு கொடுப்போம். ஜெயங்கொண்டம் ஆலை முழு அளவில் ஆள் எடுக்கத் தொடங்குமுன் இதைச் செய்தால் பயனுண்டு.

நமது மக்தபுக்கு வரும் ஷவ்வாலில் இன்னோர் உஸ்தாத் தேவைப்படுகிறார். அறிவிப்பில் ஹதியாத் தொகை, ஓதிக்கொடுக்கும் நேரம், விடுப்பு, தங்குமிடத்தின் அளவு ஆகிய நான்கையும் அச்சிட வேண்டும் என்றும், வந்து போகிறவருக்குப் பயணச் செலவும் ஒரு வாரத்திற்குள் பதிலும் தர வேண்டும் என்றும் நிர்வாகக் கூட்டத்தில் முன்வைத்தோம். முத்தவல்லி ஐயா மற்றவற்றுக்குச் சம்மதித்துவிட்டார். தொகையைப் போட்டால் பக்கத்து ஊரார் என்ன நினைப்பார்கள் என்று இருவர் தயங்குகிறார்கள். அடுத்த கூட்டம் இன்ஷா அல்லாஹ் இம்மாதக் கடைசி வெள்ளியன்று, அஸருக்குப் பின்.